ஆக்ஸ்போர்டு அங்கிப் படம்: ஆண்டு சரி, வண்ணம்தான் தவறு

“1675-இல் வண்ணத்தில் அச்சான ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அங்கிகள்” என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அந்த ஆண்டு டேவிட் லோகன் வெளியிட்டது செப்புத்தகட்டில் செதுக்கிய படம். அச்சில் கறுப்பு மை மட்டுமே. சிவப்பும் நீலமும் அச்சான பிறகு தூரிகையால் தீட்டியவை. பூதக்கண்ணாடியில் பார்த்தால் மைக்கோடு கூர்மையாக நிற்கும். நீர்வண்ணம் அங்கங்கே அங்கியின் ஓரத்தைத் தாண்டியிருக்கும். எல்லாமே பொடிப்பொடிப் புள்ளிகளாகத் தெரிந்தால், அது இக்கால அச்சு நகல்.

அதற்காகக் கைவண்ணம் என்றாலே பிற்கால வேலை என்று தள்ளிவிடவும் கூடாது. 1814-இல் அக்கர்மன் வெளியிட்ட ஆக்ஸ்போர்டு வரலாற்று நூலின் படங்கள் கையால் வண்ணம் தீட்டியே விற்பனைக்கு வந்தன.

லோகனின் அந்தப் படம் இடம்பெற்ற நூல் ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. வண்ணமில்லாத படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். “வண்ணத்தில் அச்சான” என்ற குறிப்போடு அந்தப் படத்தை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.