ஏலம் விட்ட பிறகுதான் கல்லின் பெயர் நமக்குத் தெரிய வேண்டுமா?

சேலத்திலிருந்து ஓமலூர் பக்கம் ரயிலில் போனவர்கள் ‘மேக்னசைட் ஜங்ஷன்’ என்ற பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். சின்ன வயதில் அதை யாரோ ஒரு துரையின் பெயர் என்றே நினைத்திருந்தேன். அது ஒரு கனிமத்தின் பெயர், ஜன்னலுக்கு வெளியே தெரிகிற வெள்ளைக்கல்தான் அது என்று பள்ளியில் ஒருவரும் சொல்லித் தரவில்லை. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் குன்றுகளுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் ‘சாக் ஹில்ஸ்’. பார்க்கச் சுண்ணாம்பு மாதிரி இருந்ததால் வந்த பெயர், ஆனால் அங்கே சாக் கிடையாது. இருப்பது டூனைட் என்ற பாறை. பூமியின் ஆழத்தில் பிறந்தது, பச்சை நிறம், மக்னீசியம் நிறைந்தது. அதன் விரிசல்களில் கரியமில வாயு கலந்த நீர் ஊடுருவி, மக்னீசியத்தோடு சேர்ந்து வெள்ளை நரம்புகளாக உறைந்ததுதான் வெள்ளைக்கல். சூளையில் சுட்டால் அதன் எடையில் பாதிக்கு மேல் மறுபடி கரியமில வாயுவாகவே போய்விடும். மிஞ்சுகிற மக்னீசியா உருக ஏறக்குறைய 2,800 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதனால்தான் எஃகு உலைகளின் உட்சுவருக்கு அதில் செய்த செங்கல் வைக்கிறார்கள். நரம்பு மெல்லியது, சுற்றியுள்ள பாறை பெரியது. கொஞ்சம் வெள்ளைக்கல்லுக்காக நிறையப் பாறையை உடைத்துக் கொட்ட வேண்டும். அந்தப் பக்கம் குன்றுபோல நிற்பவற்றில் பல, அப்படிக் கொட்டிய கழிவுதான்.

அப்புறம் சேலத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் கஞ்சமலை. அமாவாசைக்குச் சித்தர் கோயிலுக்குப் போகிற எத்தனை பேருக்கு, தாங்கள் நிற்பது இரும்பு மலையின் அடியில் என்று தெரியும்? ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு கடலின் அடியில் இரும்பும் சிலிக்காவும் அடுக்கடுக்காகப் படிந்தன. பிறகு பூமிக்குள் அழுந்தி, வெந்து, காந்தத்தில் ஒட்டுகிற மேக்னடைட் என்ற இரும்புத்தாதாகவும் குவார்ட்சாகவும் மாறின. நம் கொல்லர்கள் இந்த வட்டாரத்து இரும்புமணலையும் கல்லையும் சின்னச் சின்ன மண் உலைகளில் உருக்கியிருக்கிறார்கள். 1830களில் ஜோசையா ஹீத் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பு ஆலை தொடங்கியபோதும் சேலத்துத் தாதுவைத்தான் நம்பினார். 1970-இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டிய சேலம் உருக்காலையும் கஞ்சமலை அடிவாரத்தில்தான் இருக்கிறது. ஆனால் வெளியிலிருந்து வரும் எஃகைத் தகடாக்கும் ஆலையாகத்தான் அது உற்பத்தியைத் தொடங்கியது. காரணம் எளிது. கஞ்சமலைத் தாதுவில் இரும்பு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான். ஒடிசாவின் நல்ல ஹேமடைட் என்ற இரும்புத்தாதில் 60 சதவீதத்துக்கும் மேல். இது தெரிந்தால், மலையை வெட்டலாமா என்ற பேச்சு 2000களில் மறுபடி எழுந்தபோது சுற்றியிருந்த கிராமத்துக்காரர்கள் எதிர்த்தது வெறும் உணர்ச்சிவசப்பட்டதல்ல என்பதும் புரியும். ஒரு பங்கு இரும்புக்கு இரண்டு பங்கு கல்லைப் பொடியாக்கி எங்கே கொட்டுவது?

ஏற்காட்டுக்குப் போனால் கதை வேறு. சேர்வராயன் மலையின் உடல் சார்னோகைட் என்ற பாறை. 1893-இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் வைத்த பெயர் அது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் அந்தப் பாறைதான் என்பதால் அப்படி வைத்தார். அவர் ஆராய்ந்த பாறைகள் நம் பரங்கிமலை, பல்லாவரம் பகுதியைச் சேர்ந்தவை. பல்லாவரத்துப் பாறை இன்று தேசிய நிலவியல் நினைவுச்சின்னம். நம் கல்லுக்கு ஒரு கம்பெனி அதிகாரியின் பெயர் போய்ச் சேர்ந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை.

அந்தச் சார்னோகைட் மழையிலும் வெயிலிலும் லட்சக்கணக்கான ஆண்டுகள் கரைந்து, மலை உச்சிச் சமவெளிகளில் மிஞ்சிய அலுமினியச் சத்துதான் பாக்சைட். மேட்டூர் அலுமினிய ஆலைக்கு அங்கிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் லாரி லாரியாகப் போனது. பாக்சைட் துளைகள் நிறைந்தது, மழைநீரைப் பிடித்து வைக்கும். ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் சுரங்கத்தை எதிர்த்து டோங்ரியா கோந்த் பழங்குடி மக்கள் ஓடைகளைச் சொல்லி வாதாடியதில் இந்த நிலவியலும் இருந்தது. 2013-இல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளைக் கேட்கச் சொன்னது, 12 சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன. மலையை அறிந்தவர்கள் சொன்ன பதில் அது.

நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியைச் சொல்லாமல் விட முடியாது. அங்குள்ள அனார்த்தசைட் பாறை நிலவின் மேட்டு நிலப் பாறையை ஒத்தது. சித்தம்பூண்டி, குன்னமலைக் கற்களை அரைத்துத்தான் சந்திரயான் தரையிறங்கும் சோதனைகளுக்கு இஸ்ரோ நிலவு மண்ணைப் போன்ற ஒன்றைத் தயாரித்தது. அதே சித்தம்பூண்டியில் கிடைக்கும் குருந்தம் என்ற மிகக் கடினமான கல்லின் தமிழ்ப் பெயரிலிருந்துதான் ‘கொரண்டம்’ என்ற உலகச் சொல்லே வந்தது.

இத்தனையும் நம் காலடியில் இருந்தும், மதுரை அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் என்ற உலோகத்தின் தாது இருப்பதை நம்மில் பெரும்பாலோர் 2024-இல் ஏலச் செய்தி வந்தபோதுதான் அறிந்தோம். மக்கள் போராடி, 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. சரி, அது வெற்றிதான். ஆனால் எங்கே என்ன கல் இருக்கிறது என்று இந்திய நிலவியல் ஆய்வுத் துறை 1851-இலிருந்து வரைபடம் போட்டு வருகிறது. அந்த அறிவு ஏலம் எடுக்கிறவரிடம் போகும் வேகத்தில் கிராம சபைக்குப் போவதில்லை என்பதுதான் என் கோபம்.

நான் சுரங்கமே கூடாது என்கிறவன் அல்ல. எஃகு வேண்டும், உலைக்குச் செங்கல் வேண்டும். கேட்பது இதுதான்: ஒரு மலையில் என்ன இருக்கிறது, எவ்வளவு தரம், எடுத்தால் எவ்வளவு கழிவு, எந்த ஊற்று வற்றும் என்பதைத் தமிழில் எழுதி, ஏலத்துக்கு முன்பே அந்த ஊர் கிராம சபையில் படிக்க வேண்டும். கூடவே மேக்னசைட் ஜங்ஷனில் ஒரு பலகை. வெள்ளைக்கல் என்றால் என்ன, எப்படி உண்டானது என்று நாலு வரி போதும். ரயிலுக்குக் காத்திருக்கிற பிள்ளைகள் படித்துக்கொள்வார்கள்.