அந்தச் சிரிப்பு எமோஜியைப் போட்டது நான்தான்

போன வாரம் பழைய போனிலிருந்து புதுப் போனுக்கு எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவின் பழைய செய்திகளும் சேர்ந்து வந்துவிட்டன. சும்மா மேலே தள்ளிக்கொண்டே போனதில் 2020 ஜனவரியில் போய் நின்றது. அங்கிருந்து ஒவ்வொரு நாளாகப் படிக்க ஆரம்பித்தேன், இரண்டு இரவு ஆயிற்று. படித்ததிலிருந்து மனசு சரியில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொரோனா வந்தபோது நான் ஆரம்பத்திலேயே உஷாராகிவிட்டேன் என்று இத்தனை வருடமாகப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். தெரிந்தே சொன்ன பொய் இல்லை, என் நினைவில் அப்படித்தான் இருந்தது. குழுவில் இருப்பது வேறு.

காரணம் தெரியாத நிமோனியா என்று வூஹானிலிருந்து முதல் தகவல் உலகச் சுகாதார நிறுவனத்துக்குப் போனது 2019 டிசம்பர் 31. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுகிறது என்று சீன மருத்துவர் சோங் நான்ஷான் வெளிப்படையாகச் சொன்னது ஜனவரி 20. மூன்றே நாளில், ஒரு கோடிப் பேருக்கு மேல் வாழும் அந்த நகரத்தையே அடைத்தார்கள். ஜனவரி 30 அன்று சர்வதேச அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அந்த மாதம் முழுக்க எங்கள் குழுவில் இருப்பது பிறந்தநாள் வாழ்த்துகள், குழந்தைகள் படம், ஒரு மாமா தினமும் அனுப்பும் காலை வணக்கம். வூஹானைப் பற்றி ஒரே ஒரு செய்தி இணைப்பு இருக்கிறது. அதற்கு ஒருவர்கூடப் பதில் போடவில்லை.

பிப்ரவரி 9. நான் எழுதியிருக்கிறேன்: "ஃப்ளூவில் வருஷத்துக்கு இதைவிடப் பல மடங்கு பேர் சாகிறாங்க. டிவிக்காரங்க பேச்சைக் கேட்டு யாரும் பயப்படாதீங்க." பதினோரு பேர் கட்டைவிரல் தூக்கியிருக்கிறார்கள்.

இதில் எனக்கு உறுத்துவது, அந்தக் கணக்கு அன்றைய தேதிக்குச் சரிதான் என்பது. பருவகால ஃப்ளூவில் உலகம் முழுக்க வருடத்துக்கு 2.9 லட்சம் முதல் 6.5 லட்சம் பேர் வரை இறப்பதாக மதிப்பீடு. அன்றைக்குக் கொரோனா மரணங்கள் ஆயிரத்தைத் தொட்டிருக்கவில்லை. ஆனால் நம்மோடு காலம் காலமாக இருந்துவரும் ஒரு நோயின் முழு வருடக் கணக்கையும், யார் உடம்பிலும் எதிர்ப்புச் சக்தி இல்லாத ஒரு புது நோயின் முதல் ஆறு வாரக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து நிம்மதி அடைந்தேனே, அதுதான் தப்பு. தொற்று கூட்டல் கணக்கில் ஏறாது. இன்று 50 பேர், மூன்று நாளைக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் நாள்கூட ஏறக்குறைய ஐந்நூறுதான் இருக்கும், "என்னமோ சொன்னாங்க, ஒண்ணும் ஆகலையே" என்று தோன்றும். முப்பதாம் நாள் அது 51,200. ஒன்றும் ஆகவில்லை என்று தோன்றுகிற அந்தப் பத்து நாள்தான் ஏதாவது செய்ய முடிகிற நாட்கள். அதற்குப் பிறகு யார் பயந்து என்ன.

அந்தச் சமயத்தில்தான் டைமண்ட் பிரின்சஸ் கப்பல் ஜப்பானில் நின்றுகொண்டிருந்தது. 3,711 பேர் இருந்த கப்பலில் எழுநூறு பேருக்கு மேல் தொற்றியது. அதை ஏதோ சினிமா பார்ப்பதுபோலத்தான் பார்த்தோம். குழுவில் கப்பல் படத்தை யாரோ அனுப்ப, "எவ்ளோ பெரிய கப்பல்!" என்று பதில் வந்திருக்கிறது.

மார்ச் 4, இரவு 11:40. என் சித்தி எழுதியிருக்கிறார். அவர் நர்ஸ், முப்பது வருடத்துக்கு மேல் சர்வீஸ். குழுவில் அதிகம் பேசாதவர். "தயவுசெய்து இதை யாரும் லேசா எடுத்துக்காதீங்க. பெரியவங்க வெளியே போறதைக் குறைச்சுக்கோங்க. நாங்க இங்க தயாராகிட்டு இருக்கோம், போதாதுன்னு பயமா இருக்கு." இவ்வளவுதான். அதற்குக் கீழே முதல் பதில், கண்ணில் நீர் வரச் சிரிக்கும் ஓர் எமோஜி. போட்டது நான். அதற்கும் கீழே ஒரு மாமா, "நர்ஸம்மா பயமுறுத்தாதீங்க" என்று. சித்தி அதற்கு மேல் எதுவும் எழுதவில்லை.

ஒரே வாரத்தில், மார்ச் 11 அன்று, இது பெருந்தொற்று என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். குழுவின் நிறமே மாறிவிட்டது. ஒரு நாளைக்கு இருநூறு ஃபார்வர்டு. வெந்நீர் குடித்தால் வைரஸ் செத்துவிடும், பத்து விநாடி மூச்சை அடக்க முடிந்தால் தொற்று இல்லை என்றெல்லாம். சிரித்த அதே ஆட்கள்தான் இப்போது வாங்கி வந்த பையை இரண்டு நாள் வாசலில் வைத்துத் துடைத்து எடுத்தார்கள். நானும் துடைத்தேன்.

ஏப்ரல் இரண்டாவது வாரத்தில் ஒரு செய்தி இருக்கிறது, அதைப் படித்தபோது போனைக் கீழே வைத்துவிட்டேன். யார் எழுதியது என்று சொல்ல மாட்டேன், என் நெருங்கிய சொந்தம். "சித்தி ஆஸ்பத்திரி டியூட்டி முடியுற வரைக்கும் யார் வீட்டுக்கும் வராம இருந்தா எல்லாருக்கும் நல்லது." எல்லோரும் படித்திருப்போம். யாரும் மறுத்து ஒரு வார்த்தை எழுதவில்லை. சித்தி மட்டும் "சரி" என்று போட்டிருக்கிறார்.

மார்ச் 4-க்கும் அதற்கும் இடையில் ஆறு வாரம்கூட இல்லை. நோய் ஒன்றுமில்லை என்று நினைத்தபோது அவர் சொன்னதை நாங்கள் கேட்கவில்லை. நோய் எமன் என்று நினைத்தபோது அவரையே ஒதுக்கினோம். விஷயம் தெரிந்த ஒரே ஆள் எங்களுக்குள்ளேயே இருந்தார், இரண்டு நேரத்திலும் அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மக்கள் மனநிலை மாறியது, விழிப்புணர்வு வந்தது என்று எழுதுகிறார்களே, எங்கள் வீட்டில் வந்தது விழிப்புணர்வு இல்லை, திகில்.

"99 சதவீதம் பேர் பிழைச்சுக்கிறாங்க" என்கிற வாக்கியத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், இன்றைக்கும் அதைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 2003-இல் பரவிய சார்ஸ் நோய் கொரோனாவைவிட எவ்வளவோ கொடியது. தொற்றியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இறந்தார்கள். ஆனால் மொத்தமாகவே எட்டாயிரம் பேருக்குச் சற்று அதிகமாகத்தான் வந்தது, இறந்தவர்கள் 774 பேர். ஏன் என்றால், சார்ஸ் வந்தவர் காய்ச்சலில் நன்றாக விழுந்த பிறகுதான் பெரும்பாலும் மற்றவருக்குப் பரப்பினார். ஆளைக் கண்டுபிடித்துத் தனிமைப்படுத்தினால் சங்கிலி அறுந்துவிடும். கொரோனாவில் இருமல் வருவதற்கு முன்பே, தனக்கு இருப்பதே தெரியாமல், நன்றாக நடமாடிக்கொண்டிருப்பவரே பரப்பினார். தனியாள் கணக்கில் ஆபத்து குறைவு என்று எது நம்மைத் தேற்றியதோ, அதுவேதான் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. நூற்றுக்கு ஒன்று என்பது கேட்கச் சின்னதாக இருக்கிறது. பத்து லட்சம் பேருக்கு வந்தால் அந்த ஒன்று பத்தாயிரம், அதுவும் ஒரே மாதத்தில் ஒரே ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றால் மற்ற நோய்க்காரருக்கும் கட்டில் கிடையாது.

2009 பன்றிக்காய்ச்சலும் எங்களை ஏமாற்றியிருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த ஜூனில் அதையும் பெருந்தொற்று என்றுதான் அறிவித்தார்கள். பயந்த அளவுக்கு இல்லை என்றதும் "சும்மா பூதாகரமாக்கிட்டாங்க" என்ற பேச்சு எழுந்தது, அடுத்த வருட ஆகஸ்டில் முடிந்தது என்று அறிவித்தார்கள், மறந்தும் போனோம். குழுவில் 2020 பிப்ரவரியில் ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார், "பன்றிக்காய்ச்சல்னு பயமுறுத்தினாங்களே, என்ன ஆச்சு?" என்ன ஆயிற்று என்றால், முதல் வருடத்தில் மட்டும் ஒன்றரை லட்சத்திலிருந்து ஐந்தே முக்கால் லட்சம் பேர் வரை இறந்திருக்கலாம் என்று பின்னாளில் கணக்கிட்டார்கள். எங்கள் வீட்டில் யாரும் போகவில்லை, அதனால் எங்கள் கணக்கில் அது பூஜ்யம்.

எண்களை வைத்து யாரும் பயப்படுவதில்லை, தூரத்தை வைத்துத்தான் பயப்படுகிறோம். வேறு நாடு, வேறு ஊர், வேறு தெரு, பக்கத்து வீடு. இது நம் தலைமுறைக்கு மட்டும் வந்த கோளாறும் இல்லை. 1918 செப்டம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் ஃப்ளூ பரவ ஆரம்பித்துவிட்டது தெரிந்தும் பெரிய ஊர்வலம் நடத்தினார்கள், சில நாளிலேயே ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்தன. 1919-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் மாஸ்க்குக்கு எதிராகவே ஒரு சங்கம் கூடியது. நூறு வருடத்துக்கு முன்னால், ஃப்ளூவுக்குத் தடுப்பூசியும் இல்லாத காலத்தில்.

சரி, மக்கள்மேல் மட்டும் பழி போட முடியுமா என்றால் முடியாது. சொல்ல வேண்டியவர்களும் தடுமாறினார்கள். நோயில்லாதவர் மாஸ்க் போடத் தேவையில்லை என்று முதலில் சொன்னார்கள். எல்லோரும் போடுவதை ஊக்குவிக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் மாற்றிச் சொன்னது 2020 ஜூன் 5. காற்றில் பரவாது என்று மார்ச் கடைசியில் அடித்துச் சொன்னவர்கள் பிறகு பரவும் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. நிறையப் பேருக்கு நம்பிக்கை விட்டுப்போனது அந்த இடத்தில்தான். புது வைரஸ், தெரியத் தெரிய மாற்றித்தான் சொல்ல முடியும், அதில் தப்பே இல்லை. "இன்றைக்குத் தெரிந்தது இவ்வளவுதான், நாளை மாறலாம், அதுவரைக்கும் எச்சரிக்கையாக இருப்போம்" என்று முதல் நாளே சொல்லியிருக்கலாமே. அவ்வளவு உறுதியாகப் பேசியிருக்க வேண்டாம். சித்தி எழுதியதைத் திரும்பப் பாருங்கள், போதாது என்று பயமாக இருக்கிறது என்றுதான் எழுதினார், எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு சொல்கூட இல்லை.

2020 கடைசிக்கு வரும்போது குழுவில் சலிப்பு தெரிகிறது. எண்ணிக்கை போடுவதை நிறுத்திவிட்டோம். ஆரம்பத்தில் பத்து மரணத்துக்கு நடுங்கியவர்கள் ஆயிரத்தைப் பார்த்தும் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். டிசம்பரில் தடுப்பூசி வந்ததும் எல்லாம் முடிந்த மாதிரி ஒரு கொண்டாட்டம். 2021-இல், எங்கள் குடும்பத்தில் பலருக்கும் இன்னும் முறை வராத நேரத்தில், டெல்டா வகைக் கொரோனா வந்தது. "நர்ஸம்மா பயமுறுத்தாதீங்க" என்று எழுதிய மாமா ஒன்பது நாளில் போய்விட்டார். அந்த வாரத்துச் செய்திகளை நான் படிக்கவில்லை, வேகமாகத் தள்ளிவிட்டேன்.

அதற்குப் பிறகு குழுவில் கொரோனா என்ற சொல் குறைந்துகொண்டே வருகிறது. அவசரநிலை முடிந்தது என்று 2023 மே 5 அன்று அறிவித்ததைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இப்போது வீட்டில் பேச்சு வந்தால், "அப்போ தேவையில்லாம ரொம்பப் பயந்துட்டோம்" என்கிறார்கள், அதுவும் மாமா படம் மாட்டியிருக்கும் அதே அறையில் உட்கார்ந்துகொண்டு. 2020, 2021 இரண்டு வருடத்தில் மட்டும் வழக்கத்தைவிட 1.49 கோடிப் பேர் அதிகமாக இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. தேவையில்லாத பயம் என்றால் அவ்வளவு பேரும் யார்?

மறுபக்கமும் உண்டு. 2025 ஜனவரியில் எச்எம்பிவி என்று ஒரு பெயர் அடிபட்டபோது குழு மறுபடி கொதித்தது, மாஸ்க் வாங்கி வையுங்கள், ஊரடங்கு வரப்போகிறது என்று. அது 2001-லேயே கண்டுபிடிக்கப்பட்ட வைரஸ், சளி காய்ச்சலாகப் பல காலமாக நம்மிடையே இருப்பதுதான். அன்றைக்கு மட்டும் நான் எதுவும் எழுதுவதற்கு முன் சித்திக்கு போன் செய்தேன். கைக்குழந்தையும் வயதானவர்களும் கவனமாக இருக்க வேண்டும், மற்றபடி புதுசு இல்லை என்றார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

நேற்று மறுபடி கூப்பிட்டேன். 2020 மார்ச் 4-ஆம் தேதி இரவு நீங்கள் எழுதியதற்கு நான் சிரித்து வைத்திருக்கிறேன், இப்போதுதான் பார்த்தேன், மன்னித்துவிடுங்கள் சித்தி என்றேன். அவருக்கு அந்த எமோஜி நினைவே இல்லை. "அன்னைக்கா? அன்னைக்குத்தான் மாஸ்க் பெட்டியை அலமாரியில வெச்சுப் பூட்டினாங்க. ஷிஃப்டுக்கு ஆளுக்கு ஒண்ணுன்னு எண்ணிக் கொடுத்தாங்க" என்றார். அப்புறம் கொஞ்சம் பொறுத்து, ஏப்ரலில் வீட்டுக்கு வர வேண்டாம் என்று எழுதியதுதான் ஞாபகம் இருக்கிறது என்றார்.