வேலை ஆணையோடு நின்றுவிடுகிற ஆட்டம்

சேலத்தில் கூடைப்பந்து ஆடுகிற ஒரு பெண்ணின் வீட்டில் அவளுடைய எதிர்காலத்தைப் பற்றிக் கேட்டால், "ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ரயில்வேயிலயோ போலீஸ்லயோ ஒரு வேலை கிடைச்சிட்டா போதும்" என்பதுதான் பெரும்பாலும் வருகிற பதில். அந்தப் பதிலை நான் குறை சொல்ல மாட்டேன். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் கொலுசுக்குப் பொடி வைத்து ஊதுகிற தகப்பனுக்கும், அம்மாப்பேட்டையில் தறி ஓட்டுகிற தாய்க்கும், மகளுக்கு மாதச் சம்பளத்தில் ஒரு வேலை கிடைப்பது குடும்பமே தலைநிமிர்கிற செய்தி. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இடஒதுக்கீடு இருப்பது மிக நல்ல ஏற்பாடு என்றே கருதுகிறேன். என் வருத்தமெல்லாம், அந்த வேலை ஆணை கைக்கு வருகிற நாளையே ஆட்டம் முடிகிற நாளாகவும் நாம் ஆக்கிவிட்டோமே என்பதுதான். இருபத்திரண்டு வயதில் வேலை, அடுத்து கல்யாணம், அடுத்து குழந்தை. அதற்குள் ஷூ பரணுக்குப் போய்விடுகிறது. ஒரு கூடைப்பந்து வீராங்கனையின் மிகச் சிறந்த ஆண்டுகள் அதன் பிறகுதான் தொடங்குகின்றன என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

அனிதா பால்துரையை எடுத்துக்கொள்வோம். சென்னைப் பெண். 2001இல் இந்திய அணிக்குள் வந்தவர், பத்தொன்பது வயதிலேயே அதன் கேப்டன் ஆனார். தெற்கு ரயில்வேயில் வேலை. நம் ஊர் வழக்கப்படி பார்த்தால், வேலையும் பெயரும் கிடைத்துவிட்ட அவர் அத்தோடு ஒதுங்கியிருக்கலாம். யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். அவரோ குழந்தை பெற்ற பின்பும் உடலைத் தேற்றிக்கொண்டு திரும்பி வந்தார். 2017 ஜூலையில் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பையின் பி பிரிவு இறுதி ஆட்டத்தில், கஜகஸ்தானை 75–73 என்ற கணக்கில் வென்று இந்தியா ஏ பிரிவுக்கு உயர்ந்தபோது, கேப்டனாகக் களத்தில் நின்றவர் இந்தத் தாய்தான். இரண்டே புள்ளி வித்தியாசம். அப்படிப்பட்ட ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் பந்தை யாரிடம் கொடுப்பது, எப்போது வேகத்தைக் குறைப்பது என்கிற தெளிவு பதினாறு ஆண்டுகள் ஆடிய உடம்புக்கும் மனத்துக்கும்தான் வரும். இருபது வயதுக்காரியிடம் அதை எதிர்பார்க்க முடியாது. 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது நாம் எல்லோரும் வாழ்த்துச் சொன்னோம். ஆனால் பிரசவத்துக்குப் பிறகு அவர் திரும்பி வந்ததைத்தான் நம் பெண்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே தெற்கு ரயில்வேயின் கீது அன்னா ஜோஸ் வேறொரு வழியைக் காட்டினார். கேரளத்துப் பெண்ணான அவர் ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் கிளப்புக்காக ஆடினார். 2011இல் அமெரிக்காவின் பெண்கள் கூடைப்பந்து லீகான டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளின் தேர்வு முகாமுக்கும் அழைக்கப்பட்டார். அங்கே இடம் கிடைக்கவில்லை என்றாலும், அந்தக் கதவு வரை இங்கிருந்து ஒருத்தி போய் நின்றது சிறிய காரியம் அன்று.

அமெரிக்காவில் எல்லாம் தங்கத் தட்டில் கிடைத்தது என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1997இல் முதல் ஆட்டம் கண்ட அந்த லீகில், பல ஆண்டுகள் முன்னணி ஆட்டக்காரர்களுக்கே சம்பளம் போதவில்லை. கோடையில் அங்கே ஆடிவிட்டு, குளிர்காலத்தில் ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் சீனாவுக்கும் போய் ஆடித்தான் பணம் பார்த்தார்கள். அந்த லீகின் முன்னணி வீராங்கனை டயானா டௌராசியின் ரஷ்ய அணி, அவர் ஓய்வெடுத்தால் போதும் என்று பணம் கொடுத்ததால், 2015 சீசனில் அவர் தன் சொந்த நாட்டு லீகிலேயே ஆடவில்லை. ஆனாலும் அவர் நாற்பத்திரண்டு வயது வரை ஆடி, ஆறு ஒலிம்பிக் தங்கங்களோடுதான் 2025இல் விடைபெற்றார். அதே லீகின் கேண்டஸ் பார்க்கர் 2009 மே மாதம் மகளைப் பெற்று, அதே சீசனில் களத்துக்குத் திரும்பினார். 2016, 2021, 2023 என்று மூன்று வெவ்வேறு அணிகளோடு அவர் வென்ற மூன்று கோப்பைகளும் தாயான பிறகு வந்தவை. மகப்பேறு காலத்தில் முழுச் சம்பளம் என்பது அங்கேயே 2020 ஒப்பந்தத்தில்தான், வீராங்கனைகள் சங்கமாகச் சேர்ந்து பேசிய பிறகுதான் கிடைத்தது. நம் அரசுப் பணியிலும் மகப்பேறு விடுப்பு இருக்கிறது, வேலை காத்திருக்கும். அணியில் அவளுடைய இடமும் காத்திருக்கும் என்று சொல்கிற உள்ளூர் அணி ஒன்றையும் நான் கண்டதில்லை.

என் அக்கா மகள், பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிற பாயிண்ட் கார்டாக ஆடுகிறாள். அவள் பயிற்சி எடுக்கும் சிமெண்டுத் தளத்தில், பெண்களுக்கான ஆறாம் எண் பந்து பையில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதுவும் மேல் புள்ளிகள் தேய்ந்து வழுவழுப்பாகி, வியர்வைக் கையில் வழுக்கும். மற்றதெல்லாம் ஆண்களுக்கான ஏழாம் எண். பெரிய பந்தில் பழகிவிட்டுப் போட்டியன்று சின்னப் பந்தை எடுத்தால், தூரத்து ஷாட் எல்லாம் வளையத்தைத் தாண்டிப் போகிறது. அதைவிட எனக்குப் பயம் தருவது முழங்கால். குதித்து இறங்கும்போதும் சட்டென்று திசை திரும்பும்போதும் உள்ளே இருக்கும் தசைநார் அறுந்துபோகிற ஆபத்து ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். அறுவை சிகிச்சை செய்துகொண்டு முழுதாகத் திரும்ப ஒன்பது மாதம், ஒரு வருடம் ஆகிவிடும். தொடைப் பின்தசையை வலுவாக்குவதும், முழங்கால் உள்பக்கம் மடியாமல் இறங்கப் பழகுவதும் அந்த ஆபத்தைக் கணிசமாகக் குறைக்கும். இதைப் பதிமூன்று வயதிலேயே சொல்லித்தர வேண்டும். போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு கேம்ப் போட்டு ஓடவிடுவதால் இது வராது.

"கல்யாணத்துக்கு அப்புறமும் ஆட முடியுமா, சித்தி?" என்று அவள் என்னிடம் கேட்டாள். அனிதாவைப் பற்றிச் சொன்னேன். "அவங்க ரயில்வே டீம்ல இருந்தாங்க. நம்ம ஊர்ல எங்க ஆடுறது?" என்றாள். அந்தக் கேள்வி நியாயமானது. ரயில்வேயில் சேர்ந்தவர்களுக்காவது ஆட ஓர் அணி இருக்கிறது. சேலம் ரயில்வே கோட்டம் 2007இலேயே வந்துவிட்டது. ஆனால் அங்கே சேர்கிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பள்ளி ஆசிரியையாகவோ வங்கி ஊழியராகவோ ஆகிவிட்ட பெண்ணுக்கு நம் மாவட்டத்தில் ஆட்டமே இல்லை. மாலை ஆறு மணிக்கு மேல் மைதானத்தின் இரண்டு தளங்களிலும் ஆண்கள்தான் ஆடுகிறார்கள்.

ஆகவே மாவட்டத்தில் கூடைப்பந்தை நடத்துகிறவர்களிடம் என் வேண்டுகோள் இது. வாரத்தில் இரண்டு மாலை, ஒரு தளத்தையாவது இருபத்தைந்து வயது தாண்டிய பெண்களுக்கு ஒதுக்குங்கள். பள்ளி, கல்லூரிப் போட்டிகளோடு நிறுத்தாமல், வயது வரம்பில்லாத மகளிர் போட்டி ஒன்றை ஆண்டுதோறும் நடத்துங்கள். ஏற்காட்டிலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் வருகிறவர்கள் இருட்டுமுன் பஸ் பிடிக்கும்படி ஆட்ட நேரத்தை வையுங்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவளுக்கு நிழலில் உட்கார ஓர் இடமும், பையில் நாலைந்து ஆறாம் எண் பந்துகளும் இருக்கட்டும். முன்பு மாவட்ட அணிக்கு ஆடி இப்போது வீட்டோடு இருக்கிற பெண்களைத் தேடிப்பிடித்துப் பேசுகிற வேலையை நானும் என் தோழிகளும் ஏற்றுக்கொள்கிறோம்.