கேமரா நிற்கும் இடம்

அயர்லாந்துப் பாடகி ஷினேட் ஓ'கானரின் 'நத்திங் கம்பேர்ஸ் டு யூ' பாட்டு வீடியோவை நேற்று இரவு மறுபடி பார்த்தேன். 1990-இல் வந்தது. அந்த ஆண்டின் சிறந்த வீடியோ என்று எம்டிவி விருது வாங்கியது. அந்த விருதைப் பெற்ற முதல் பெண் ஷினேட்தான்.

இத்தனைக்கும் அதில் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. கறுப்புப் பின்னணி, கறுப்பு உடை, ஒட்ட வெட்டிய தலைமுடி, திரை முழுக்க ஒரு முகம். நேராக நம் கண்ணைப் பார்த்துப் பாடுகிறார். இடையிடையே பாரிஸுக்குப் பக்கத்திலுள்ள ஒரு பூங்காவில், கறுப்பு கோட்டோடு தன்னந்தனியாக நடந்து போகிறார். அவ்வளவுதான்.

பாட்டு முழுக்க 'நீ' என்று ஒருவரிடம் பேசுகிறது. நீ போய் பதினைந்து நாளும் ஏழு மணி நேரமும் ஆகிறது என்று கணக்குச் சொல்லித்தான் தொடங்குகிறது. ஆனால் போன அந்த ஆளை வீடியோவில் ஒரு நொடிகூடக் காட்டுவதில்லை. இயக்குநர் ஜான் மேபரி அந்த ஆள் நிற்கவேண்டிய இடத்தில் கேமராவை நிறுத்திவிட்டார். அதனால் ஷினேட் பாடப் பாட, விட்டுப்போனது நாம்தானோ என்று நெஞ்சு உறுத்துகிறது.

ஒரு காதலனை நடிக்கவைத்து, இருவரும் கைகோத்துத் திரிந்த பழைய நாட்களைக் காட்டியிருந்தால் அது அவர்கள் இருவரின் கதையாகப் போயிருக்கும். நாம் ஓரமாக நின்று பரிதாபப்பட்டிருப்போம். அதைவிட முக்கியமான இன்னொன்றும் கெட்டிருக்கும்.

நீ தோட்டத்தில் நட்ட பூக்களெல்லாம் நீ போனதும் பட்டுப்போயின என்று ஒரு வரி வருகிறது. அங்கே 'அம்மா' என்றும் கேட்கும்படி ஒரு விளி இருக்கிறது. அந்த இடத்தில்தான் அவருக்குக் கண்ணீர் வந்துவிடுகிறது. திட்டமிட்ட அழுகை இல்லை, அம்மா நினைவு வந்துவிட்டது என்று பிறகு அவரே சொன்னார். அவருடைய அம்மா 1985-இல் கார் விபத்தில் இறந்தார். அப்போது ஷினேட்டுக்கு 18 வயது. சிறுவயதில் அந்த அம்மாவிடம் பட்ட அடியைப் பற்றியும் அவர் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அப்படிப்பட்ட ஒருவரை இழந்த துக்கத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

அமெரிக்க இசைக்கலைஞர் பிரின்ஸ் எழுதிய பாட்டு இது. 'த ஃபேமிலி' என்ற குழுவின் இசைத்தட்டில் அதே 1985-இல் வெளிவந்தது. பிரிவுப் பாட்டு என்றுதான் நானும் பல வருடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா விஷயம் தெரிந்த பிறகு பார்த்தால், வீடியோவில் ஒரு ஷாட்கூட அதற்கு இடைஞ்சலாக இல்லை. 'நீ'க்கு முகம் கொடுக்காததால் காதலன் இருந்த இடத்துக்கு அம்மாவும் வரமுடிகிறது.

2023-இல் ஷினேட்டும் போய்விட்டார். நேற்று அந்தக் கண்ணீர் வரும் இடத்தில் வீடியோவை நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.