ஈசான் கடையில் முதலில் சோற்றுக்கூடையைத் திறந்து பாருங்கள்

வாஸ்துக்காரர் சொல்லும் ஈசானிய மூலைதான் தாய்லாந்தின் ஈசான். அந்த நாட்டின் வடகிழக்கில், மேக்கோங் ஆறு வரைக்கும் பரந்து கிடக்கும் 20 மாகாணங்கள். பேச்சும் சாப்பாடும் லாவோ வழி. அங்கே கோன் கேன், உடோன் தானி ஊர்ப் பக்கம் ஈசான் சாப்பாட்டுக் கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. பிழைப்புக்குப் போனவர்களோடு பாங்காக்குக்கும் போய்விட்டன. தகரக் கூரை, பிளாஸ்டிக் ஸ்டூல், வாசலில் கோழி சுடும் கரியடுப்பு, உள்ளே உரல் சத்தம். அடையாளம் அவ்வளவுதான்.

அங்கே சாப்பிட்டு வந்த நம்மவர்கள் எழுதுவதில் அடிக்கடி வரும் புகார், "ஒரே உப்பு, ஒரே புளிப்பு". தப்பு சமையலில் இல்லை, ஆர்டர் சொன்னதில். ஸோம் தம் என்கிற பப்பாளிக்காய் இடிப்பை சாலட் என்று நினைத்து வெறுமனே அள்ளித் தின்றால் கரிக்காமல் என்ன செய்யும்? மாங்காய்த் தொக்கைக் கிண்ணத்தில் போட்டு ஸ்பூனால் தின்பதற்குச் சமம் அது. ஸோம் தம் வெஞ்சனம். தாய் மொழியில் வெஞ்சனத்துக்குப் பெயரே 'காப் காவ்', சோற்றோடு சேர்வது. அந்தச் சோறு காவ் நியாவ், பசையரிசிச் சோறு. மலேசியாவில் புலுட் என்பார்களே, அதே இனம்.

இந்த அரிசியில் அமைலோஸ் என்ற மாவுப்பொருள் இல்லையென்றே சொல்லலாம். அதனால் உலையில் போட்டு வடிக்க முடியாது, களியாகிவிடும். ராத்திரி ஊறப்போட்டு (4 மணி நேரத்துக்குக் குறைந்தால் நடுவில் அரிசி நறுக்கென்று நிற்கும்), காலையில் கழுவி, கூம்பு வடிவ மூங்கில் கூடையில் கொட்டி, வாய் குறுகின அலுமினியப் பானை மேல் வைத்து ஆவியில் அவிப்பார்கள். 20, 25 நிமிடம். பாதியில் கூடையைக் குலுக்கி சோற்றை மொத்தமாகத் திருப்பிப்போட வேண்டும். வெந்ததும் பலகையில் கொட்டி, துடுப்பால் பரத்தி ஆவியை விரட்டிவிட்டுத்தான் மூடிக்கூடையில் அடைப்பார்கள். இந்தக் கடைசி வேலையைச் சோம்பேறித்தனத்தால் விட்டால் அடிச்சோறு நொசநொசவென்று கையில் அப்பும். ஆகவே மேசைக்குக் கூடை வந்ததும் ஒரு கவளம் பிய்த்து உருட்டிப் பாருங்கள். பருக்கை தனித்தனியாகத் தெரிய வேண்டும், உருண்டை சேர்ந்து நிற்க வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. இது சரியாக இருக்கும் கடையில் மற்றதும் பெரும்பாலும் சரியாக இருக்கும். சாப்பிடும் நேரம் முழுக்க மூடியை மூடியே வையுங்கள், காற்றுப்பட்டால் பத்து நிமிடத்தில் தோல் கட்டிவிடும். ஈசானில் பரவலாக விளையும் கோகோ 6 என்ற ரகம், மல்லிகை அரிசியையே கதிர்வீச்சால் மாற்றி 1977-இல் வெளியிட்டது. அதனால்தான் அந்த லேசான வாசனை.

இனி உரல். மண் உரலும் மர உலக்கையும்தான் வேண்டும். கல் உரலில் இடித்தால் பப்பாளி துவையலாகிவிடும். காயைக் கையில் பிடித்துக் கத்தியால் நெருக்கமாகக் கொத்திவிட்டுச் சீவுவார்கள். ஒன்று தடியாக, ஒன்று மெல்லிசாக விழும். துருவியில் சீவினது எல்லாம் ஒரே அளவில் இருக்கும், சீக்கிரம் தொய்ந்துபோகும். ஒரு தட்டுக்கு இரண்டு மூன்று பல் பூண்டு, மிளகாய், முதலில் இந்த இரண்டும் நசுங்க வேண்டும். அப்புறம் ஒரு மேசைக்கரண்டி பனைவெல்லம் கரைய வேண்டும். காராமணிக்காய், தக்காளி, எலுமிச்சை, மீன் சாறு (ஃபிஷ் சாஸ்), கடைசியில்தான் இரண்டு கைப்பிடி காய். வலது கை உலக்கை போட, இடது கை நீளக் கரண்டியால் அடியிலிருந்து புரட்டிக்கொண்டே இருக்கும். காய் உடையக் கூடாது, சாறு மட்டும் ஏற வேண்டும்.

வகையைச் சொல்லாமல் "ஸோம் தம்" என்று மட்டும் சொன்னால், வெளியூர் முகத்தைப் பார்த்ததும் தம் தாய்தான் வரும். வேர்க்கடலை, காய்ந்த இறால், இனிப்புத் தூக்கல். கெட்டதில்லை, ஆனால் அது மத்திய சமவெளியின் நாக்கு. ஈசான் நாக்குக்குத் தம் ப்லா ரா. ஆற்று மீனை உப்பும் வறுத்த அரிசியோ தவிடோ சேர்த்து மாதக்கணக்கில் புளிக்கவைத்த சாறுதான் ப்லா ரா. "நாத்தம்" என்கிறவர்கள் கருவாட்டுக் குழம்பை நினைத்துக்கொள்ளுங்கள், பாதி சண்டை முடிந்துவிடும்.

ஆனால் ஒரு விஷயத்தில் சமரசம் வேண்டாம். ப்லா ரா கொதிக்கவைத்ததா என்று கேளுங்கள்: "ப்லா ரா தொம் ஸுக்?" அந்தப் பக்கத்து நன்னீர் மீனில் கல்லீரல் தட்டைப்புழு உண்டு. பித்தநாளப் புற்றுநோய்க்கு அது காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-லேயே உறுதியாக வகைப்படுத்திவிட்டது. ஈசானில் அந்த நோய் அதிகம். கோய் ப்லா என்ற பச்சை மீன் கலவையைத் தொடவே வேண்டாம். "எலுமிச்சை பிழிந்தால் வெந்துவிடும்" என்பார்கள். நிறம்தான் மாறும், புழு சாகாது. உப்பு நண்டு போட்ட தம் பூவும் பச்சைதான். லாப் என்கிற கொத்துக்கறிக் கலவை கேட்கும்போதும் 'ஸுக்', அதாவது வெந்தது, என்று சேர்த்துச் சொல்லுங்கள். 'டிப்' என்றால் பச்சைக்கறி.

லாப்பில் கவனிக்க வேண்டியது வறுத்த அரிசிப்பொடி. பசையரிசியை எண்ணெய் இல்லாமல் பழுப்பாக வறுத்து ரவைபோல் உடைத்தது, பரிமாறும் நேரத்தில் தூவ வேண்டும். முன்னாலேயே போட்டு வைத்தால் சாற்றை உறிஞ்சி கறி கஞ்சியாகிவிடும். பல்லில் மொறுமொறுவென்று படவில்லை என்றால் அந்த லாப் காலையில் கலந்தது.

காரம். "நாங்க ஆந்திரா மிளகாயே தின்போம்" என்ற வீறாப்பு இங்கே செல்லாது. நாம் தின்பது பெரும்பாலும் எண்ணெயில் வெந்த காரம். இது பச்சையாக நசுக்கி எலுமிச்சையில் ஊறினது. மிளகாயை எண்ணிச் சொல்வது அங்கே வழக்கம்: "பிரிக் ஸோங் மெட்", இரண்டு மிளகாய். முந்தின ஆளின் காரம் உரலில் கொஞ்சம் ஒட்டியிருக்கும், ஆகவே நினைத்ததைவிட ஒன்று குறைத்துச் சொல்லுங்கள். எரிந்தால் தண்ணீர் குடிக்காதீர்கள். தட்டோடு வரும் முட்டைக்கோஸ், காராமணி, பச்சை இலைகள் எல்லாம் அலங்காரம் இல்லை, அதற்குத்தான்.

சைவக்காரர்களுக்கு நேர்மையான பதில்: இந்தக் கடை உங்களுக்கு இல்லை. 'மாங்ஸவிரத்' என்றால் (நம் காதுக்கு மாமிச விரதம் என்றே விழும்) புரிந்துகொள்வார்கள், ப்லா ராவையும் இறாலையும் விடுவார்கள். மீன் சாறு பழக்கதோஷத்தில் விழுந்துவிடும், உரலும் அதேதான். மஞ்சளில் சிவப்பாக 'ஜே' என்று எழுதின கடையைத் தேடுங்கள்.

இரண்டு பேருக்கு இப்படிச் சொன்னால் கணக்கு சரி: சோறு இரண்டு கூடை, ஒரு தம், ஒரு லாப், சுட்ட கோழி பாதி, அதற்கு வறுமிளகாயும் புளியும் போட்ட ஜேவ் சட்னி. குழம்பு வேண்டுமென்றால் சோயிக்கீரை (சதகுப்பை இலை) மணக்கும் கேங் ஓம், தேங்காய்ப்பால் கிடையாது. இரண்டு தம் சொல்லாதீர்கள், இரண்டுமே புளிப்பு. மல்லிகை அரிசிச் சோறும் வேண்டாம், சாறெல்லாம் அடியில் போய்விடும். உருட்டின கவளத்தால் சாற்றை ஒற்றி எடுப்பதுதான் முறை. கையால் சாப்பிட நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மிஞ்சின சோற்றைப் பார்சல் வாங்கினால் ஃப்ரிட்ஜில் கல்லாகிவிடும். தூக்கிப்போடாதீர்கள், தண்ணீர் தெளித்து இட்லிப் பானையில் ஐந்து நிமிடம் வைத்தால் திரும்ப இளகிவிடும்.