கோடு சாய்ந்திருந்தால் மோட்டாரா?

செல்லுக்குள் நுண்குழல் என்ற புரதத் தடத்தின் மேல் சரக்கு இழுக்கிற மோட்டார் புரதம் கினிசின். அது முதுகில் மூட்டையோடு நடந்து போகும் அனிமேஷன் பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அதைப் பார்த்துப் பழகின பசங்களுக்கு, நுண்குழல் மேல் எது நகர்ந்தாலும் மோட்டார்தான் இழுக்கிற மாதிரி தெரியுது.

கோவைப் பக்கம் ஒரு கல்லூரி வைவாவில் ஒரு தம்பி கைமோகிராஃப் பிரிண்டை விரித்தார்; துகள் எந்த நேரத்தில் எங்கே இருந்தது என்று காட்டும் படம் அது. குறுக்கே நுண்குழலின் நீளம், மேலிருந்து கீழே நேரம். நடுவில் மங்கலாக ஒரு சாய்கோடு. ஸ்கேல் வைத்து வேகமும் எடுத்துவிட்டார். "மோட்டார்னு எப்படிச் சொல்றே கண்ணு?" என்றேன். "கோடு சாய்ஞ்சிருக்குதுங்களே சார்!"

அது போதாதுங்க. கொறங்காட்டில் கிளுவை வேலியோரம் மாடு நாலு எட்டு வைக்கிறதைப் பார்த்து, அது மேயுதா, தண்ணித் தொட்டிக்குப் போகுதா என்று சொல்லிவிட முடியுமா? கொஞ்ச நேரம் விட்டுப் பார்க்கணும். துகளுக்கும் அதே கதைதான். இடப்பெயர்ச்சியின் வர்க்கத்தைச் சராசரி எடுங்க. நேரம் இரட்டிக்கும்போது அதுவும் இரட்டித்தால் விரவல், அதாவது திசையில்லாமல் அலைகிற டிஃப்யூஷன். நாலு மடங்கானால் ஒரே திசை ஓட்டம். குட்டித் தடங்களில் விரவலும் நேர்கோடு மாதிரி ஏமாற்றும். நுண்ணோக்கி மேடை லேசாக நழுவினாலும் போச்சு, எல்லாத் துகளும் ஒரே பக்கம் 'நடக்கும்'. கண்ணாடியில் ஒட்டிய, நகராத ஒரு நுண்மணியை (பீட்) கூடவே பின்தொடர்ந்தால் அந்தக் குட்டு உடைஞ்சிரும்.

இன்னொரு சோதனை, செல்லின் எரிபொருளான ஏடிபியை நிறுத்துவது. கினிசின் ஒரு ஏடிபிக்கு 8 நானோமீட்டர் எட்டு வைக்கும்; அது இல்லாமல் நடை கிடையாது. விரவல் வெப்ப அசைவிலேயே ஓடும். ஆனால் செல்லுக்குள் கினிசினும், எதிர்ப்பக்கம் நடக்கும் டைனீன் மோட்டாரும் ஒரே மூட்டையை ஆளுக்கொரு பக்கம் இழுத்தால், ஏடிபி செலவாகிக்கொண்டே இருந்தும் தடம் விரவல் மாதிரியே தெரியும். அதனால் ஒரு சோதனையை மட்டும் நம்பிப் பேப்பர் எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை.

'வெறும் விரவல்தானா' என்று முகம் சுளிப்பதுதான் இதில் எனக்குப் பெரிய வருத்தம். நொடிக்கு 10 சதுர மைக்ரான் விரவும் புரதம் 10 மைக்ரான் தூரத்தை சராசரியாக 5 நொடியில் தாண்டும்; நொடிக்கு ஒரு மைக்ரான் போகும் மோட்டாருக்கு 10 நொடி ஆகும். ஒரு மீட்டர் நரம்பிழை என்றால்தான் கதை தலைகீழ்: மோட்டாருக்குச் சுமார் 12 நாள், விரவலுக்கு 1,600 வருஷம்.

எம்-கேக் (MCAK) என்று ஒரு புரதம். கினிசின் குடும்பம்தான், ஆனால் நடக்காது. நுண்குழல் மேல் ஒரு நொடிகூட ஒட்டி நிற்காமல், முன்னும் பின்னும் வழுக்கியே முனையைப் பிடித்து அங்கே குழலைக் கலைக்கும். 2006-இல் ஜொனாதன் ஹோவர்ட் குழுவினர் இதை ஒற்றை மூலக்கூறு அளவில் காட்டினார்கள். அந்தத் தம்பியின் பிரிண்டிலும் ஓரத்தில் ரெண்டு மூணு கோணல்மாணல் தடம் இருந்தது. 'நாய்ஸ்' என்று பென்சிலால் அடித்து வைத்திருந்தார்.