அது பூந்தொட்டி இல்லைங்க, கொப்பரை!

அமெரிக்காவில, லூசியானா மாநிலத்து நியூ ஆர்லியன்ஸ் பக்கம், மிசிசிப்பி ஆத்தங்கரையில பழைய கரும்புத்தோட்டத்து மாளிகை பார்க்கப் போறீங்களா? தாராளமா போங்க. ஆனா சரவிளக்கு, வெள்ளிக் கரண்டி, எசமானியம்மா கட்டில்னு முக்கால் மணி நேரம் கேட்டுட்டு வெளிய வந்து, அல்லிப்பூ மிதக்கிற பெரிய இரும்புத் தொட்டி முன்னாடி செல்ஃபி எடுக்கிற கூட்டத்தைப் பார்த்தா வயிறு எரியுது.

அது கொப்பரைங்க! நம்மூர்ல வெல்லம் காய்ச்சுறதைப் பார்த்தவங்களுக்குச் சட்டுனு புரியும். ஒரே அடுப்பு மேல நாலஞ்சு கொப்பரை வரிசையா இருக்கும். பெருசு நெருப்புக்குத் தள்ளி, சின்னது நெருப்புக்கு நேர் மேல. கொதிக்கிற சாறை நீளக்காம்பு அகப்பையால ஒண்ணுலேர்ந்து அடுத்ததுக்கு மொண்டு மொண்டு ஊத்திக்கிட்டே வரணும். கடைசியில பதம் தப்பினா பாகு கருகிடும். தோல்ல தெறிச்சா தண்ணி மாதிரி வழிஞ்சு ஓடாது, ஒட்டிக்கிட்டுச் சதையையே வேக வைக்கும். லூசியானாவில உறைபனி வேற. பனிக்கு முன்னாடி வெட்டியாகணும், வெட்டின கரும்பு காத்திருக்காது. அதனால அக்டோபர்லேர்ந்து வருஷக் கடைசி வரைக்கும் ஆலை ராப்பகலா ஓடும். அகப்பை பிடிச்சு நின்னவங்க அடிமைகள். அதுலதான் இப்ப அல்லி!

அடுத்தது, பல இடத்துல வழிகாட்டிகள் பேசுற பேச்சு. 'வீடு கட்டப்பட்டது', 'விருந்து பரிமாறப்பட்டது.' யாரால? கேட்டா 'வேலைக்காரங்க'ன்னு பூசி மெழுகுவாங்க. வேலைக்காரனுக்குச் சம்பளம் உண்டு, பிடிக்கலைன்னா போயிடலாம். இங்க எவனால போக முடிஞ்சது?

அந்த ஆத்தங்கரையில இருக்கிற டெஸ்ட்ரஹான் தோட்டத்து மாளிகைக் கணக்கைப் பாருங்க. ஸ்பெயின் ஆட்சியில 1787-ல ஆரம்பிச்சு 1790-ல முடிச்ச வீடு. எல்லாரும் போட்டோ எடுக்கிற தடித்தூண்கள் அப்போ கிடையாது, அது பல வருஷம் கழிச்சு வந்த ஒட்டு. கட்டினவர் சார்ல்ஸ் பாகே, அடிமையா இல்லாத கறுப்பின மேஸ்திரி. ஒப்பந்தத்துல அவருக்குப் பேசின கூலி: ரொக்கம் 100 டாலர், நெல், மக்காச்சோளம், ஒரு பசுவும் கன்னும், கூடவே ஒரு அடிமை. கன்னுக்குட்டியோட ஒரே பட்டியல்ல ஒரு மனுஷன்! 1811 ஜனவரியில அந்த வட்டாரத்து அடிமைகள் கிளர்ந்து நியூ ஆர்லியன்ஸை நோக்கி நடந்தப்போ, பிடிபட்டவங்கள்ல ஒரு பகுதியை விசாரிச்சதும் இதே தோட்டத்துலதான். வெட்டின தலைகளை ஆத்தங்கரை நெடுக கழியில குத்தி வச்சாங்க. நீங்க கார்ல வர்றது அந்தக் கரையோரமாத்தான்.

ஒரு நாள்தான் இருக்குன்னா விட்னி தோட்ட அருங்காட்சியகத்துக்குப் போங்க. 2014-ல திறந்தது, அடிமைகளை வச்சே கதை சொல்ற இடம். வேற எங்க போனாலும் மாளிகையைப் பார்க்கிறதுக்கு முன்னாடி அடிமைகள் இருந்த குடிசைகளைப் பாருங்க. சமையற்கட்டு எங்கன்னு கேளுங்க. தீ பயத்துல தனியாத்தான் கட்டியிருப்பாங்க. எசமான் செத்தப்போ எழுதின சொத்துப் பட்டியல் இருக்கான்னு கேளுங்க. நாற்காலி, மாடு இதுங்களோட மனுஷங்களையும் பேர், வயசு, தொழில், விலைன்னு எழுதியிருப்பாங்க. பாகு பதம் தெரிஞ்சவனுக்கு விலை கூட.